நடுவில் இல்லாத பெட்டி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் வீட்டிலிருந்த இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்று பல ஆண்டுகளாகவே ஊமை. மற்றது கரகரக்கத் தொடங்கியது.
2. மாற்றலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன்.
3. ஒரு சனிக்கிழமை மதியம் புதிய பெட்டிகள் இரண்டை வாங்கி வந்தேன்.
4. பழையவை இரண்டையும் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்கு நகர்த்தி, பிளாஸ்டிக் போட்டு மூடினேன்.
5. புதியவற்றைச் சமையலறை வாசலின் இரு பக்கமும் வைத்தேன். அம்மாவின் நாற்காலியிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம் வருமாறு கயிறு பிடித்து அளந்தேன்.
6. ஞாயிறு பூசைக்குப் போய் வந்த பிறகு அம்மா பிற்பகல் முழுவதும் ரேடியோ கேட்டார்.
7. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினேன்.
8. அன்று காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் அம்மா விழுந்தார்.
9. எனக்குத் தகவல் வந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

எட்டாவதற்கும் ஐந்தாவதற்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின. பழுது கண்டுபிடிப்பதுதான் நான் படித்த படிப்பு. மாதச் சம்பளமும் அதற்காகத்தான் வாங்குகிறேன்.

அம்மாவுக்குக் கண் தெரியாது. இனிப்பு நீர் நோய் முதலில் வலது கண்ணையும், ஒன்றரை ஆண்டு கழித்து இடது கண்ணையும் எடுத்துக்கொண்டது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். கூலிம் போகும் வழியில் உள்ள தோட்டம் ஒன்றில் அண்ணன் லாரி ஓட்டுகிறார். லயத்து வீட்டில் இரண்டு அறை, நான்கு பிள்ளைகள். ஆகவே சுங்கைப் பட்டாணிப் பக்கம் பாக்கார் ஆராங்கில் வாடகைக்கு எடுத்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் காலை ஷிப்டுக்குப் போனால் திரும்பி வர மாலை நான்கரை ஆகிவிடும். அதுவரை அம்மா தனியே.

"தனியாவா?" என்று கேட்காதவர்கள் இல்லை. டாக்டர் கேட்டார், பங்குச் சாமியார் கேட்டார், பக்கத்து வீட்டு அக்கா வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டார். எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில் இருந்தது. அம்மா நடப்பார். நாற்காலியிலிருந்து எழுந்து, கூடத்தைக் கடந்து, சமையலறைக்கு இறங்கும் ஒற்றைப் படியில் கவனமாகக் கால் வைத்து, தானே தேத்தண்ணி கலக்கிக் குடிப்பார். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வருவார். சுவரைத் தடவிக்கொண்டு போகமாட்டார். பார்வை உள்ளவர் போல நேராக நடப்பார். பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

அண்ணனும் அசந்துபோனவர்தான். ஆனாலும் முதல் நாளே சொல்லி வைத்தார்: "நடக்கிற வரைக்கும் ஒங்கூட இருக்கட்டும் தங்கச்சி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ விழுந்தா, அப்புறம் ஒன்னையும் கேக்க மாட்டேன், அம்மாவையும் கேக்க மாட்டேன். சிஸ்டருங்க நடத்துற இல்லத்துல சேத்துடுவேன்."

அந்த இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம். அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கண் தெரியாதவர்களைக் கட்டிலை விட்டுத் தனியாக எழ விடுவதில்லை. அம்மாவை ஒரு முறை அங்கே ஒரு பழைய தோழியைப் பார்க்க அழைத்துப் போனேன். திரும்பி வந்து வீட்டு கேட்டைத் திறக்கும்போது சொன்னார்: "அங்க எல்லாரும் படுத்துக்கிட்டே பேசுறாங்க பாப்பா."

அம்மா நடக்க வேண்டும். எங்கள் வீடு நின்றது அந்த ஒன்றின் மேல்.

பழைய பெட்டிகள் எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் அப்பா தோட்டத்துத் துரையின் பங்களாவில் டிரைவர். கடைசி வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போனபோது சாமான்களை ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். சமையல்காரருக்குச் சாப்பாட்டு மேசை, தோட்டக்காரருக்குச் சைக்கிள், அப்பாவுக்கு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். தேக்குப் பலகை ஒட்டிய பெட்டிகள், என் இடுப்பு உயரம். எங்கள் வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. அப்பா கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார்.

அம்மா பால் மரம் வெட்டப் போவார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மரங்களுக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நான் காலைப் பசியாறலைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடிப் போவேன். ரப்பர் காட்டில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். பனி இறங்கிய ஒரு காலையில் வழி தெரியாமல் நின்று அழுதேன். எங்கிருந்தோ அம்மாவின் குரல் வந்தது: "அழாத! ஸ்டோர் எஞ்சின் கேக்குதா? அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டே நட, ரோட்டுக்கு வந்துருவ!" ரப்பர் பாலைத் தகடாக்கும் ஸ்டோரின் எஞ்சின் சத்தத்தை நோக்கி அப்படியே நடந்தேன். ரோடு வந்தது. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். பனி நாட்களில் காலுக்கு வழிகாட்டியது காது.

இதை நான் மறக்கவில்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு பெட்டிகளில் ஒன்று ஊமையானது அண்ணன் கல்யாணத்தில். மாப்பிள்ளையே இரண்டையும் லயத்து வாசலுக்குத் தூக்கி வந்து, சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்தார். பாதிரியார் வருமுன்பே ஒன்றிலிருந்து புகை வந்தது. "மாப்புள பொட்டிய எரிச்சிட்டான், பொண்ணு வீட்டுக்காரன் சோத்த எரிச்சிட்டான்" என்று ஊரே சிரித்தது. பாக்கார் ஆராங்குக்கு வந்தபோது, எரிந்த பெட்டியை முன்வாசல் ஓரம் வைத்து, அதன் மேல் திரு இருதயச் சுரூபத்தையும் சிவப்பு பல்பையும் வைத்தோம். வேலை செய்த பெட்டி சமையலறை வாசலின் இடது ஓரத்தில் நின்றது, நிலைக்கட்டையை ஒட்டி. அங்கேதான் சுவரில் பிளக் இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ரேடியோ, கேசட், பிறகு நான் சம்பாதித்து வாங்கிய வீடியோ, எல்லாச் சத்தமும் அந்த ஒற்றைப் பெட்டி வழியாகத்தான் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் பக்கத்து வீட்டு அக்கா கடையிலிருந்து டேப் எடுத்து வருவார். நாலைந்து பெண்கள் தரையில் உட்காருவார்கள். திரையில் நடப்பதை அக்கா அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

"இப்ப அவ மாடிப்படி எறங்கி வர்றா, அத்தே. பச்ச சேலை. அழுவுறா."

"அழுவுறது எனக்கே கேக்குது. மூஞ்ச கழுவிட்டு வந்தாளா இல்லியா, அதச் சொல்லு."

"மூக்கு ஒழுகுது லா!"

"அப்ப நெசமாத்தான் அழுவுறா."

அந்தப் பெட்டிதான் கரகரக்க ஆரம்பித்தது. முன்துணியைப் பிரித்துப் பார்த்தேன். காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் பொடியாக உதிர்ந்திருந்தது. செய்தி வாசிப்பவர் வாய் நிறைய வெற்றிலையோடு வாசிப்பது போலிருந்தது. அம்மா சில நாட்களில் ரேடியோவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னிடம் சொன்னார்: "இப்பல்லாம் அத்தே நாற்காலிய வுட்டு எந்திரிக்கிறதே இல்ல. நான்தான் மத்தியானம் தண்ணி எடுத்துக் குடுக்குறேன்."

எனக்குப் பயம் வந்தது. அம்மா மனம் விட்டுப்போகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தால் நடை போய்விடும், நடை போனால் அண்ணன் வந்துவிடுவார். பெட்டியை மாற்றினால் அம்மா மீண்டும் ரேடியோ போடுவார், தெம்பு வரும், எழுவார். என் கணக்கு இதுதான். பாதி சரி. ரேடியோ இல்லாவிட்டால் அம்மா எழமாட்டார் என்பது உண்மை. ஏன் எழமாட்டார் என்பதில்தான் தவறினேன்.

அதற்கு முன்பும் ஒரு தடயம் இருந்தது. கரண்டு போன பிற்பகல்களில் அம்மா நாற்காலியிலேயே இருப்பார். நான் வந்து பார்க்கும்போது பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கரண்டு இல்லல்ல" என்பார். கண் தெரியாதவருக்கு விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன என்று ஒரு முறையாவது நான் கேட்டிருக்க வேண்டும். இருட்டைப் பற்றிய பழைய பயம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தேன். பழையதை வைத்துக்கொள்ள: அப்பா ஞாபகம், நல்ல மரம், இன்னும் உயிர் இருக்கிறது. மாற்ற: வளையம் கிடைக்காது, ஒரு பக்கம்தான் ஒலி, அம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை. அண்ணன் வேறு வழி சொன்னார்: "துணிய வெட்டி ரப்பர் பால தடவி ஒட்டு. தோட்டத்துல டியூப், செருப்பு, கூரை, எல்லாத்தையும் அப்படித்தானே ஒட்டுனோம்?" நான் சிரித்தேன். தாளில் அதை எழுதி, பக்கத்தில் 'முறையல்ல' என்று குறித்தேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் ரேடியோ சாமான் விற்கும் சீனக் கடை முதலாளி, தவுக்கே, என் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு பாட்டைப் போட்டு, என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தங்கச்சி, கண்ண மூடு. பாடுறவன் எங்க நிக்கிறான்?"

"நடுவுல."

"கண்ண தொற. நடுவுல எவனாச்சும் இருக்கானா? இல்ல! பாகுஸ் லா! நல்லா இருக்கு லா!"

பெட்டிகள் இரண்டு பக்கமும் இருந்தன. பாடுபவர் நடுவில், வெறும் காற்றில் நின்றார். வகுப்பில் படித்ததுதான். இரண்டு பெட்டியும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் தந்தால், காது அதை நடுவில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். படித்தது கண் முன் நடந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வாங்கிவிட்டேன்.

வீட்டில் டிவி பக்கவாட்டுச் சுவரில் இருந்தது. முறைப்படி பெட்டிகள் அதன் இரு பக்கமும் இருக்க வேண்டும். ஆனால் அம்மாவுக்குப் படம் தேவையில்லையே. அம்மாவின் நாற்காலிக்கு எதிரே இருப்பது சமையலறை வாசல் உள்ள சுவர். வாசலின் இரு பக்கமும் இரண்டடி தள்ளி ஒவ்வொன்று வைத்தால் நாற்காலிக்குச் சரியாக இருக்கும். அம்மாவுக்காகவே அப்படி வைத்தேன். கயிறு பிடித்து அளந்தது அதற்காகத்தான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டையும் தொட்டுக் காட்டினேன். "இது இடது. இது வலது." அம்மா தடவிப் பார்த்தார். "சின்னதா இருக்கு" என்றார். நாற்காலிக்குத் திரும்பியதும் ரேடியோவைப் போட்டேன். அம்மா தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"பாப்பா, நடுவுல யாரு நிக்கிறா?"

"யாரும் இல்லம்மா. அப்படித்தான் கேக்கும்."

"நடுவுல பொட்டி இல்லியா?"

"இல்லம்மா. அதான் இதோட தெறமையே. அப்படிக் கேட்டாதான் சரி."

"சரியா?"

"நூத்துக்கு நூறு சரி."

ஞாயிறன்று நான் வீட்டில் இருந்தேன். எழும்போதெல்லாம் கை கொடுத்தேன். விடுமுறை நாள்தானே என்று பாசத்தோடு செய்தது. திங்களன்று கை கொடுக்க ஆள் இல்லை.

அம்மா விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா மீன் பாசாரிலிருந்து திரும்பியபோதுதான் பார்த்திருக்கிறார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதலில் தன் வீட்டுக்குள் போய்விட்டார். மீன் கழுவி முடித்துவிட்டு, இரண்டு துண்டு கொடுக்கலாம் என்று வந்தார். அம்மா படிக்குக் கீழே சிமெண்டில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு செருப்பு படி மேல் இருந்தது. தலைக்கு மேலே ரேடியோவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். "நான் கூப்புட்டேன்" என்று அம்மா பிறகு சொன்னார். "ரேடியோ சத்தத்துல யாருக்கும் கேக்கல."

தொடை எலும்பு இடுப்பருகே முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆணி வைத்தார்கள். இனிப்பு நீர் இருப்பதால் புண் ஆற நாளாகும் என்றார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் கட்டிலருகே உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். அம்மா தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். இல்லத்தில் சேர்க்கும் விண்ணப்பம்.

"அண்ணே, இப்பவேவா?"

"அப்ப எப்ப? அடுத்த தடவ தலை அடிபட்டப்புறமா?"

"படியில வழுக்கிட்டாங்க. நாலு வருஷமா ஒரு தடவகூட..."

"நாலு வருஷம் விழல. இப்ப விழுந்தாச்சி. ஏன் விழுந்தாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? தெரியாம எப்படி மறுபடியும் தனியா விட்டுட்டுப் போவ?"

கால் மரத்துப்போனதாலா, சர்க்கரை குறைந்து மயக்கமா, வயசா. ஒரு தாளில் ஒன்பது காரணங்கள் எழுதினேன். எதையும் அடிக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போதும் குளிக்கும்போதும் அந்த ஒன்பதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் பத்தாவது மணியை உருட்டுவதற்குள் பட்டியல் வந்துவிடும். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டே பேச ஆரம்பித்திருந்தார்.

பதினெட்டாம் நாள் அரை நாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் சோதனைப் பிரிவில் ஒரு இயந்திரம் நல்ல சில்லுகளையெல்லாம் பழுது என்று தள்ளிக்கொண்டிருந்தது. பழுதுத் தாளை எடுத்தேன். அதில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'கடைசியாக மாற்றப்பட்டது எது?' நூற்றுக்கணக்கான முறை நிரப்பிய கேள்வி. அன்று பேனா நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரேடியோவை அம்மா வைக்கும் அளவுக்கு வைத்தேன். துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டினேன். எழுந்து, குரல் வந்த திசையில் கையை நீட்டிக்கொண்டு நடந்தேன்.

நாற்காலியிலிருந்து பழைய பெட்டி ஏழு அடி வைப்பு. அம்மாவுக்கு ஏழாவது அடியில் கை தேக்குப் பலகையில் படும். அதைப் பிடித்து, வலப்பக்கம் நிலைக்கட்டையைத் தொட்டு, படியில் இறங்குவார். நான் ஆறு வைத்தேன். ஏழு வைத்தேன். கையில் ஒன்றும் படவில்லை. குரல் இன்னும் எனக்கு நேர் எதிரே இருந்தது. இன்னும் கொஞ்சம் போக வேண்டும் போலிருக்கிறது என்று மனம் சொன்னது. எட்டாவது அடியில் பெருவிரலுக்குக் கீழே தரை இல்லை. குரல் என் முகத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்தது. நிலைக்கட்டையைத் தாவிப் பிடித்துத் துண்டை அவிழ்த்தேன். படியின் விளிம்பில், வாசலின் சரி நடுவில் நின்றிருந்தேன்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்தன. கரண்டு இல்லாத பிற்பகல்கள். ரேடியோவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்த நாட்கள். பனியில் கேட்ட ஸ்டோர் எஞ்சின். அம்மா நான்கு ஆண்டுகளும் அந்தப் பெட்டியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். நான் அந்தச் சத்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, கயிறு பிடித்து அளந்து, படிக்கு மேலே காற்றில் வைத்திருக்கிறேன்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

"ம்மா, நீ பெட்டி சத்தத்த வச்சா நடந்த?"

"பின்ன கண்ண வச்சா நடப்பாங்க?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்னா இருக்கு? எல்லாரும் அப்படித்தான நடக்கிறோம். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அன்னிக்கு நடுவுல யாருன்னு கேட்டியே..."

"கேட்டேன். நீ அதான் சரின்னு சொன்ன. படிச்ச பிள்ள." போர்வைக்கு மேல் கையை நீட்டிக் காட்டினார். "கைக்குப் பொட்டி தட்டல. இன்னும் வரலன்னு நெனச்சி ஒரு அடி வச்சேன். நீ சரின்னு சொன்னதுனால வச்சேன் பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் எதையாவது பதிலுக்குச் சொல்லியிருக்க முடியும்.

அண்ணனிடம் மறுநாளே சொன்னேன். ஏன் விழுந்தார் என்று கேட்டவர் அவர்தானே. லாரி மிதிபலகையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"நான் ஒரு பொட்டிய எரிச்சேன். நீ ரெண்டையும் மாத்துன. நல்ல பிள்ளைங்க ரெண்டு பெத்திருக்காங்க." பிறகு தாளை எடுத்தார். நீட்டுவார் என்று நினைத்தேன். திரும்ப மடித்துப் பையில் வைத்தார். "கிறிஸ்மஸ் வரைக்கும். நான் கூடத்துல உக்காந்திருப்பேன். அம்மா நாற்காலியிலேர்ந்து தனியா எந்திரிச்சி, பாத்ரூம் போயி, திரும்பி வரணும். யாரும் தொடக்கூடாது. வந்துட்டா, இத கிழிச்சிடுறேன்."

"பால் கொண்டாந்து குடுங்கண்ணே" என்றேன்.

"என்னா பாலு?"

"ரப்பர் பாலு. பழைய பெட்டிக்கு."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் ஒரு போத்தல் வந்தது, உறையாமலிருக்க மருந்து கலந்து, மூக்கைத் துளைக்கும் நெடியோடு. உதிர்ந்த பஞ்சைக் கூம்பின் விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்தேன். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் வளையமாக வெட்டி, ரப்பர் பாலைத் தடவி ஒட்டினேன். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கூம்பு சாய்ந்திருந்தது. பிரித்து மறுபடி ஒட்டினேன். மூன்றாவது முறைதான் உரசாமல் அசைந்தது. கரகரப்பு முழுக்கப் போகவில்லை. வார்த்தை புரிகிறது. பெட்டியைப் பழைய இடத்தில், தரையில் அது விட்டுச்சென்ற நாலு தடத்தின் மேலேயே வைத்தேன். புதியவற்றை அட்டைப் பெட்டியில் போட்டு என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "பால் வாட வருது" என்றார். பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். மேல் பலகையை, ஓரத்தை, பின்பக்கத்து ஆணியைக்கூடத் தடவிப் பார்த்தார். ரேடியோவைப் போட்டேன். குரல் இடப்பக்கத்திலிருந்து, பெட்டி இருக்கும் இடத்திலிருந்தே வந்தது.

எழுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

"அதே பொட்டிதானா?"

"அதேதாம்மா."

"அங்கதான் இருக்கா?"

"அங்கதான்."

"காது கேக்குது, பாப்பா. காலு நம்ப மாட்டேங்குது."

தள்ளிக்கொண்டு நடக்கும் கம்பிச் சட்டம் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருகிறார். நான் பிற்பகல் ஷிப்ட் கேட்டு எழுதிப் போட்டேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் ரேடியோவைப் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன், தொடாமல். அம்மா எழுகிறார். இரண்டு அடி வைக்கிறார். நிற்கிறார். "நீ எங்க நிக்கிற?" என்கிறார். சொல்கிறேன். "நீ சொல்லாத. பொட்டி சொல்லட்டும்" என்கிறார். நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவருக்கு என் வார்த்தை இனி வேண்டாம். அது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் சில நாட்கள் பின்பக்கம் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுகிறேன்.

இன்றைய நிலை இது. பழைய பெட்டி ஒன்று வேலை செய்கிறது. புதியவை இரண்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அண்ணன் கையெழுத்துப் போட்ட இல்லத்து விண்ணப்பம் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள். நேற்றுவரை அம்மா தனியாக வைத்தது அதிகபட்சம் ஐந்து அடி. பெட்டி ஏழாவது அடியில் இருக்கிறது.